கப்பல் விடுமுறையும் வளர்ந்த பிள்ளைகளும்



சென்ற தீபாவளி விடுமுறையில் நாங்கள் ஆறு பேர் மும்பையிலிருந்து கோவாவுக்குக் கப்பலில் போய், மூன்று இரவுகள் கடலில் கழித்துத் திரும்பினோம். நானும் என் மனைவியும், மகனும் மருமகளும், பதினைந்து வயதுப் பேத்தியும் பதின்மூன்று வயதுப் பேரனும். திரும்பி வந்தபின் சங்கக் கூட்டத்தில் பலர் விவரம் கேட்டார்கள். ஒருவர் செலவைக் கேட்டார், ஒருவர் தயிர்சாதம் கிடைக்குமா என்று கேட்டார், இன்னொருவர், "வயசுப் பிள்ளைகளை அவ்வளவு கூட்டத்தில் எப்படி சார் விட்டீர்கள்?" என்று கேட்டார். மூன்றாவது கேள்விதான் கனமானது. அதற்குப் பதில் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டிப்ளமா படிப்பு. கப்பலைப் பற்றி எனக்குச் சொந்த அறிவு ஒன்றும் கிடையாது. போவதற்கு முன் படித்ததும், போய்ப் பட்டதும்தான் இங்கே பாடமாக வருகின்றன.

1. திட்டம் யாருடையது?

முதலில் நான் செய்த காரியம் தவறானது. நாற்பது வருஷப் பழக்கத்தில், கிளம்பும் நாள் முதல் திரும்பும் நாள் வரை மணிக்கணக்கில் ஒரு கால அட்டவணை எழுதி, ஆளுக்கொரு நகல் கொடுத்தேன். காலை 6 மணிக்குச் சூரியோதயம் பார்த்தல், 7 மணிக்குக் காப்பி, இரவு 9.30-க்குப் படுக்கை. பேரன் அதைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது லீவா, ஸ்கூலா?" என்றான். பேத்தி ஒன்றும் சொல்லாமல் நாலாக மடித்து வைத்துவிட்டாள். மறுநாள் மருமகள் மெதுவாகச் சொன்னாள்: "மாமா, அவ வரலைன்னு சொல்றா."

தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்பார்கள். அந்த வயதில் பிள்ளைகளை அழைத்துச் செல்ல முடியாது. கூட வரும்படி கேட்கத்தான் முடியும். அடுத்த வருஷம் பேத்திக்குப் பத்தாம் வகுப்பு. அதற்கடுத்து பன்னிரண்டு, பிறகு கல்லூரி, ஹாஸ்டல். ஆறு பேரும் ஒன்றாகப் போவதற்கு இதை விட்டால் வேறு விடுமுறை வாய்க்குமா என்பது சந்தேகம். ஆகவே அட்டவணையைக் கிழித்துப் போட்டேன். எல்லோரும் உட்கார்ந்து புதிதாக ஒன்று போட்டோம். தினமும் இரவுச் சாப்பாடு மட்டும் ஆறு பேரும் ஒரே மேசையில். கோவாவில் இறங்கும்போது எல்லோரும் ஒன்றாக. மற்ற நேரம் அவரவர் விருப்பம், ஆனால் இருக்கும் இடம் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். பேத்தி உடனே சம்மதித்தாள்.

2. காலமும் கடலும்

அரபிக்கடலில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றின் ஆட்சி. அந்த மாதங்களில் மேற்குக் கரையோரம் உல்லாசக் கடற்பயணம் கூடாது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். பள்ளி நாள்காட்டியையும் இதோடு சேர்த்துப் பார்த்தால் தீபாவளி, கிறிஸ்துமஸ் விடுமுறைகளே பொருத்தமானவை. ஆனால் எல்லோரும் அப்போதுதான் கிளம்புவார்கள். முன்கூட்டியே பதிவு செய்வது நல்லது.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்குக் கொடுத்தேன். ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர். மணிக்கு ஒரு கடல் மைல் போனால் அது ஒரு நாட் வேகம். மும்பையிலிருந்து கோவாவின் மர்மகோவா துறைமுகம் கடல்வழியே சுமார் 225 கடல் மைல். கப்பல் 15 நாட் வேகத்தில் போனால் எத்தனை மணி நேரம்? பேரன் பதினைந்து மணி என்றான். கிலோமீட்டரில் அது மணிக்கு ஏறக்குறைய 28. நம் கூட்ஸ் வண்டியே வேகமாகப் போகும். மாலையில் கிளம்பும் கப்பல் மறுநாள் காலைக்கு மேல்தான் சேரும். அவசரமாகப் போய்ச் சேருவதற்கு 1998 முதல் கொங்கண் ரயில் இருக்கிறது. கப்பலில் போவது போய்ச் சேருவதற்காக அல்ல என்பதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே புரியவைத்துவிட்டால், "எப்போ வரும்?" என்ற கேள்வி எழாது.

3. பெயரும் இனிஷியலும்

நம் தமிழ்க் குடும்பங்களுக்கென்றே உள்ள தொல்லை இது. என் ஆதார் அட்டையில் இனிஷியல் முன்னால். மகனுக்கு என் பெயர் முழுதாகப் பின்னால். பேரன் பேத்திக்குப் பள்ளிச் சான்றிதழில் ஒரு விதம், ஆதாரில் வேறு விதம். மருமகளுக்குக் கல்யாணத்துக்கு முன் உள்ள பெயர். பதிவுப் படிவமோ முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கிறது. துறைமுகத்தில் அட்டையையும் சீட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆகையால் எந்த அடையாள அட்டையைக் காட்டப் போகிறோமோ, அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பதிவு செய்யவேண்டும். பிள்ளைகளுக்கும் அட்டை தேவை. லட்சத்தீவுக்குப் போவதானால் நுழைவு அனுமதியும் வேண்டும். வெளிநாட்டுத் துறைமுகம் தொடும் கப்பலானால் பாஸ்போர்ட்டும், அந்த நாட்டு விதிப்படி விசாவும் வேண்டும்.

4. அறை

பெர்த் என்ற சொல்லையே ரயில் கப்பலிடமிருந்துதான் வாங்கியது. கப்பல் அறையிலும் மேல் பெர்த், கீழ் பெர்த் உண்டு. நாங்கள் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறைகள் எடுத்தோம். மகன், மருமகள், பேரன் ஒன்றில்; நாங்கள் இருவரும் பேத்தியும் மற்றதில். பிள்ளைகள் இருவரையும் தனி அறையில் விடலாமே என்று யோசனை வந்தது; பெரியவர் ஒருவராவது ஒவ்வோர் அறையிலும் இருப்பதே முறை, பல கப்பல்களில் விதியும் அதுதான்.

அறை எந்தத் தளத்தில், எந்தப் பகுதியில் என்று கேட்டு வாங்குங்கள். சீசா பலகையின் நுனியில் உட்கார்ந்தவனுக்கு ஆட்டம் அதிகம், நடுவில் இருப்பவனுக்குக் குறைவு. கப்பலும் அப்படியே. நீளவாக்கில் நடுப்பகுதி, கீழ்த்தளம் என்றால் ஆட்டம் மிகக் குறைவு. வண்டி பக்கவாட்டில் சாய்ந்தாடுவதை ரோலிங் என்றும், முன்னும் பின்னும் ஏறி இறங்குவதை பிச்சிங் என்றும் ரயிலில் நாங்கள் சொல்வோம். கப்பலிலும் அதே சொற்கள்தான் என்று அறிந்தபோது எனக்குப் பழைய சிநேகிதனைக் கண்டதுபோல் இருந்தது.

5. பணம்

விளம்பரத்தில் போடும் தொகை முழுத் தொகை அல்ல. அதன்மேல் வரி, துறைமுகக் கட்டணம், பணியாளருக்கான சேவைத் தொகை என்று சேரும். எல்லாம் சேர்ந்த தொகையைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு பிறகு முடிவு செய்யுங்கள். கோவாவில் இறங்கினால் டாக்சிச் செலவு தனி.

கப்பலுக்குள் ரொக்கம் புழங்குவதில்லை. அறைச் சாவியாகிய அட்டையே பண அட்டையும். அதைத் தேய்த்தால் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். கடைசி நாள் பில் வரும். பேரன் முதல் நாள் மாலையே விளையாட்டு இயந்திரங்களில் மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய் தேய்த்துவிட்டான். ஏமாற்ற நினைத்தவன் அல்ல. நோட்டைக் கையால் எண்ணிக் கொடுத்தால் தெரியும் வலி அட்டையில் தெரியவில்லை, அவ்வளவுதான். பிள்ளைகளின் அட்டைக்கு வரம்பு வைக்கும்படி வரவேற்பு மேசையில் சொல்லலாம் என்பதை மறுநாள்தான் அறிந்தோம். நீங்கள் ஏறியவுடனே சொல்லிவிடுங்கள்.

கைப்பேசியும் ஒரு செலவுதான். கரையை விட்டு விலகியதும் நம் சிக்னல் போய்விடும். அப்போது சில கப்பல்களில் உள்ள செயற்கைக்கோள் இணைப்பைப் பேசி தானாகப் பிடித்துக்கொண்டால் பில் எகிறும். ஏறியதும் விமானப் பயண நிலையில் போட்டுவிடச் சொல்லுங்கள். கப்பலில் இணைய வசதி தனிக் கட்டணத்துக்குக் கிடைக்கும். நாங்கள் வாங்கவில்லை. முதல் இரவு பிள்ளைகள் முகம் வாடியது. மறுநாள் இருவரும் பாட்டியோடு சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

6. வயிறு

கண் ஒன்று சொல்கிறது, உட்காது வேறொன்று சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் வருவதே கடல் மயக்கம். அறைக்குள் உட்கார்ந்து கைப்பேசித் திரையைப் பார்த்தால் அதிகமாகும். வெளித்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பார்த்தால் குறையும். மாத்திரை வேண்டுமா என்பதை டாக்டரிடம் கேட்டு, கிளம்புவதற்கு முன்பே போடவேண்டும். வாந்தி தொடங்கியபின் போட்டால் பயன் குறைவு.

மும்பை அன்பர்களுக்கு ஒரு யோசனை. பாவுச்சா தக்காவிலிருந்து மாண்ட்வாவுக்கு 2020 முதல் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் பெரிய படகு போகிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். பெருந்தொகை கட்டுவதற்கு முன் பிள்ளைகளை அதில் ஒருமுறை அழைத்துப் போய்ப் பாருங்கள். புதுப் பாலத்தில் முதலில் சோதனை வண்டி விடுவது போல.

சாப்பாடு தாராளம். சைவமும் ஜைன உணவும் கிடைத்தன. தயிரும் சாதமும் கேட்டால் கொடுத்தார்கள். என் மனைவி கட்டியிருந்த புளிக்காய்ச்சலைப் பரிசோதனையில் எடுத்து வைத்துவிட்டார்கள். சமைத்த பண்டம், மின்கெட்டில், இஸ்திரிப் பெட்டி இவற்றைப் பொதுவாகக் கப்பலில் விடுவதில்லை. பின்னவை தீப்பிடிக்கும் என்பதால். மருந்துகளைக் கைப்பையிலேயே வையுங்கள். பெரிய பெட்டிகள் அறைக்கு வந்து சேரச் சில மணி நேரமாகும்.

7. ஏழு சிறு ஒலி, ஒரு நீண்ட ஒலி

1947 ஜூலை 17 அன்று, பாவுச்சா தக்காவிலிருந்து ரேவஸுக்குப் புறப்பட்ட ராம்தாஸ் என்ற கப்பல் வழியிலேயே கவிழ்ந்து 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மும்பையின் பழைய ஆட்கள் அதை இன்னும் சொல்வார்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜீலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற பெரிய உல்லாசக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் மாண்டனர். அன்று மாலை ஏறிய பல நூறு பயணிகளுக்கு அபாயகாலப் பயிற்சி நடந்திருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அன்றைய விதி. பின்னர் சர்வதேச விதியைத் திருத்தினார்கள். 2015 முதல், புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாகவேண்டும்.

அபாயச் சங்கு ஏழு சிறு ஒலி, ஒரு நீண்ட ஒலி. அதைக் கேட்டால் உங்கள் அட்டையில் குறித்துள்ள கூடுமிடத்துக்குப் போகவேண்டும். அறைக்குப் போய்ப் பெட்டியை எடுக்கக் கூடாது. லிப்டில் ஏறக் கூடாது. பயிற்சியின்போது பேரன் காதில் பாட்டுக் கருவியை மாட்டியிருந்தான். அதைக் கழற்றச் சொல்லி, கான்கார்டியா கதையைச் சொன்னேன். பிறகு அவனே கூடுமிடத்திலிருந்து அறை வரை எத்தனை படி என்று எண்ணிவிட்டு வந்தான். வயசுப் பிள்ளைகளுக்கு "செய்" என்பதைவிட "ஏன்" என்பதே ஏறுகிறது.

கைப்பிடிக் கம்பியில் ஏறுவதும், அதில் உட்கார்ந்து படமெடுப்பதும் ஒருக்காலும் கூடாது. நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளர் பல கப்பல்களில் இருப்பதில்லை; கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கோவாவில் இறங்கினால், குறித்த நேரத்துக்கு ஒரு மணி முன்பே திரும்பிவிடுங்கள். தாமதமாக வருபவருக்காகக் கப்பல் காத்திருக்காது.

8. லைன் கிளியர்

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

ரயிலில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையிலுள்ள பாதையை ஒரு பிளாக் செக்‌ஷன் என்போம். அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் லைன் கிளியர் கொடுத்தால்தான் இந்த ஸ்டேஷனிலிருந்து வண்டி கிளம்பும். கடைசிப் பெட்டியின் பின்னால் உள்ள எல்.வி. பலகையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வண்டி முழுதாக வந்து சேர்ந்ததாகக் கணக்கு. ஓட்டுநர் பின்னாலேயே யாரும் ஓடுவதில்லை. இரண்டு முனையிலும் ஆள் இருக்கிறான், நடுவில் வண்டிக்குச் சுதந்திரம்.

பிள்ளைகளுக்கும் இதையே வைத்தோம். கைப்பேசி வேலை செய்யாது. ஆகவே அறை மேசையில் ஒரு தாள்: யார், எங்கே, எத்தனை மணி வரை. வெளியே போகும்போது எழுதவேண்டும், திரும்பியதும் அடிக்கவேண்டும். பெரியவர்களுக்கும் அதே விதி. யாருடைய அறைக்குள்ளும் போகக் கூடாது, யாரையும் நம் அறைக்கு அழைக்கக் கூடாது, யார் கொடுத்த பானத்தையும் வாங்கிக் குடிக்கக் கூடாது. இந்த மூன்றையும் மருமகள் பேத்தியிடமும் பேரனிடமும் ஒரே மாதிரி சொன்னாள். பெண்பிள்ளைக்கு மட்டும் சொல்வது தவறு என்பது அவள் கருத்து, சரியான கருத்து.

இரண்டாம் நாள் இரவு, கோவாவை விட்டுக் கிளம்பிய பின், பேத்தி நடன நிகழ்ச்சிக்குப் போனாள். "பத்தரைக்குச் சாப்பாட்டுக் கூடத்துப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நில், கண்ணு. நான் வந்து கூட்டிப் போகிறேன். வரும்வரை நகரக் கூடாது" என்று சொல்லியிருந்தேன். பத்து இருபதுக்கே போய் நின்றேன். பத்தரை ஆயிற்று. பத்தே முக்கால். அவள் இல்லை. நிகழ்ச்சி நடந்த அரங்கம் காலி. வெளித்தளத்துக்கு ஏறினேன். காற்று பலமாக அடித்தது. கம்பியருகே போய்க் கீழே பார்த்தேன். கடல் கறுப்பாக இருந்தது. கப்பல் கிழித்த நுரை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அந்த ஒரு நிமிஷத்தில் நினைக்கக் கூடாததையெல்லாம் நினைத்தேன். கசாரா கணவாயில், 37-க்கு 1 ஏற்றத்தில், மழை இரவில் பாறை சரிந்த பாதையில் நடந்திருக்கிறேன். அன்றெல்லாம் கால் நடுங்கியதில்லை.

வரவேற்பு மேசைக்கு ஓடினேன். அங்கிருந்த இளைஞர் பதறாமல் ஒரே கேள்வி கேட்டார்: "எந்தப் படிக்கட்டு, சார்? முன்பக்கமா, பின்பக்கமா?"

சாப்பாட்டுக் கூடத்துக்கு இரண்டு பக்கமும் படிக்கட்டு உண்டு. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

பின்பக்கப் படிக்கட்டருகே பேத்தி நின்றுகொண்டிருந்தாள். மணி பதினொன்றே கால். சால்வையைப் போர்த்திக்கொண்டு, தனியாக, முக்கால் மணி நேரமாக. நானோ அவளைக் கண்டதும், நாலு பேர் பார்க்க, "எங்கே போய்த் தொலைஞ்சே?" என்று கத்திவிட்டேன்.

"நீங்கதானே தாத்தா நகரக் கூடாதுன்னு சொன்னீங்க" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அறைக்கு வந்து மேல் பெர்த்தில் ஏறிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. விபத்து விசாரணை போல மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். உத்தரவு பெற்றவர் உத்தரவை நிறைவேற்றினாரா? நிறைவேற்றினார். உத்தரவு தெளிவாக இருந்ததா? இல்லை. ரயிலில் ஒரு காஷன் ஆர்டர் எழுதினால் எந்தக் கிலோமீட்டரிலிருந்து எந்தக் கிலோமீட்டர் வரை என்று எண் போடாமல் எழுதமாட்டோம். எனக்குக் கீழே வேலை பார்த்தவர் எண்ணில்லாமல் எழுதியிருந்தால் மெமோ கொடுத்திருப்பேன். நான் தளத்தின் எண்ணும் சொல்லவில்லை, முன்பக்கமா பின்பக்கமா என்றும் சொல்லவில்லை. குற்றவாளி நான்தான். திட்டு வாங்கியது அவள்.

காலையில் காப்பிக்கு முன், பாட்டியும் இருக்கும்போதே அவளிடம் சொன்னேன்: "நேத்து தப்பு என்னோடது கண்ணு. எல்லார் முன்னாடியும் கத்தினது ரெண்டாவது தப்பு. மன்னிச்சுக்கோ." வயதில் சின்னவளிடம் கேட்பது எனக்குச் சுலபமாக இல்லை. அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு மேசையிலிருந்த தாளை எடுத்து இரண்டு கட்டம் கூடுதலாகக் கோடு போட்டாள். ஒன்று, தள எண், முன்பக்கமா பின்பக்கமா. மற்றது, "பதினஞ்சு நிமிஷம் பார்த்துட்டு ஆள் வரலேன்னா ரெண்டு பேரும் ரூமுக்கு வந்துடணும்."

நான் நாற்பது வருஷம் பார்த்த வேலையில் அதற்குத் தனிப் பெயரே உண்டு: ஏற்பாடு தவறினாலும் பாதுகாப்பான பக்கமாகத் தவறவேண்டும். சிக்னல் கம்பி அறுந்தால் கை தானாகவே 'நில்' என்ற நிலைக்குப் போவது அதனால்தான். என் திட்டத்தில் விட்டுப்போன அதை ஒன்பதாம் வகுப்புப் பெண் சேர்த்தாள். மூன்றாம் நாள் முழுதும் அந்தத் தாளின்படி நடந்தோம். ஒருவரும் யாரையும் தேடவில்லை.

9. சுருக்கம்

கிளம்புமுன் பிள்ளைகளோடு உட்கார்ந்து திட்டமிடுங்கள். சேர்ந்து செய்வது இரண்டு மூன்று காரியங்கள் போதும்.

பெயர்களை அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள்.

எல்லாம் சேர்ந்த கட்டணத்தைக் கேளுங்கள்; பிள்ளைகளின் அட்டைக்கு ஏறியவுடன் வரம்பு வையுங்கள்.

அபாயச் சங்கையும் கூடுமிடத்தையும் முதல் நாளே எல்லோரும் அறியவேண்டும்.

ஏறிய முதல் மணி நேரத்தில், குடும்பமாகக் கப்பலை ஒருமுறை சுற்றி நடந்து, படிக்கட்டுகளை எண்ணுங்கள். நான் இதைச் செய்திருந்தால் எட்டாம் பகுதியை எழுத நேர்ந்திராது.

இடம் சொன்னால் எண்ணோடு சொல்லுங்கள். சந்திக்கத் தவறினால் என்ன செய்வது என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

தவறு உங்களுடையதாக இருந்தால் மறுநாள் வரை தள்ளாமல் ஒத்துக்கொள்ளுங்கள். நான் ஓர் இரவு தாமதித்தேன். அதுவே நீண்ட இரவாக இருந்தது.

அந்தத் தாளைப் பேத்தி பத்திரமாக வைத்திருக்கிறாள். அடுத்த விடுமுறை அவள் பரீட்சை முடிந்த பிறகு. அதற்கான திட்டத்தைத் தானே போடுவதாகச் சொல்லியிருக்கிறாள். எனக்கு அதில் ஒரு நகல் தருவாளாம்.